கொட்டகைக்குள் ஒரு கணப்பு

கோடை வந்தால் நிழலைத் தேடுவதும், மார்கழி பிறந்தால் இன்னொரு போர்வையை எடுத்துக்கொள்வதும் நம் நாட்டவர் வழக்கம். குளிர் நமக்கு விருந்தாளி. சில நாள் தங்கிவிட்டுப் போய்விடும். ஆனால் கனடா போன்ற வடபுல நாடுகளில் குளிர் ஏறத்தாழ வீட்டுக்காரனாகவே குடியேறிவிடுகிறது. நவம்பரில் நுழைந்தால் மார்ச்சு கழிந்த பின்னரே விடைபெறும். டொரன்டோ நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ். நாட்டின் நடுப்பகுதியில் உள்ள வின்னிப்பெக் நகரிலோ அது கீழே 16 டிகிரி.

அந்நாட்டில் நம் மக்கள் பலர் வாழ்கின்றனர். 1983-ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல, டொரன்டோ நகரிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வேரூன்றிவிட்டன. தமிழ்நாட்டிலிருந்து வேலையின் பொருட்டுச் சென்றோரும் உளர். அவர்களுடைய வீடுகள் பலவற்றை ஒட்டியோ, சற்றுத் தள்ளியோ ஒரு மோட்டார்க் கொட்டகை இருக்கும். கராஜ் என்று வழங்கும் அக்கொட்டகை, கார் நிறுத்துமிடம் மட்டுமன்று. தச்சுவேலை செய்வார்க்கு அது பட்டறை. பழைய மிதிவண்டியைச் செப்பனிடுவார்க்கு அது தொழிற்கூடம். டிசம்பர் வந்துவிட்டால் பிள்ளைகளோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் குடில் செய்யும் தந்தைக்கு அதுவே ஒதுக்கிடம். அங்கே தச்சரையோ, மின்பணியாளரையோ கூலிக்கு அழைத்தால் செலவு மிகுதி. ஆகவே கைவேலை தெரிந்தவர் தம் வீட்டு வேலையைத் தாமே செய்துகொள்கின்றனர். குளிர்காலத்திலோ மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால், உள்ளே இருந்து செய்யும் வேலைக்கு ஓய்வுநேரம் நிறையக் கிடைக்கிறது. நேரம் கிடைக்கிறதே தவிர, கொட்டகையில் நிற்கத்தான் முடிவதில்லை. வீட்டைச் சூடாக்கும் அமைப்பு பெரும்பாலும் கொட்டகை வரை எட்டுவதில்லை.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்கும்போது அங்குள்ளோர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: “இக்கொட்டகையை எப்படிச் சூடாக்குவது?” எளிய கேள்விதான். ஆனால் அவசரத்தில் சொல்லும் விடை உயிருக்கே உலை வைத்துவிடும். ஆதலால் அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

சூடு ஏன் வேண்டும்?

“கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலை செய்தால் ஆகாதா?” என்று நாம் கேட்கலாம். மனிதன் ஓரளவு தாங்கிக்கொள்வான். அவன் கையாளும் பொருள்கள் தாங்குவதில்லை. மரத்தை ஒட்டும் பசைகளில் பெரும்பாலானவை 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிப்பதில்லை. ஒட்டியது போலத் தோன்றும். சில நாளில் நாற்காலியின் கால் கையோடு வந்துவிடும். நீர் கலந்த வண்ணப்பூச்சு உறைந்துவிட்டால் பிறகு எவ்வளவு கலக்கினாலும் பழைய நிலைக்கு வருவதில்லை.

கைகளின் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். குளிரில் விரல்கள் மரத்துப்போனால் உளியின் கூர்மை உணர்வுக்கு எட்டாது. தடித்த கையுறை அணிந்துகொண்டு மின்சார ரம்பத்தின் அருகே நிற்பதோ, கையுறையோடு கையையும் உள்ளே இழுக்கக் கூடிய ஆபத்து. ஆக, குளிர்காலத்தில் கொட்டகையில் வேலை செய்யவேண்டுமாயின் ஓரளவு வெப்பம் தேவையே. வீட்டினுள் இருப்பது போன்ற 20 டிகிரி வேண்டுவதில்லை. உழைக்கும் உடல் தானே சூடேறும்; ஆதலால் 10 முதல் 15 டிகிரி வரை போதும்.

முதற்பணி: கசிவை அடைத்தல்

ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவோன் முதலில் ஓட்டையை அடைக்கவேண்டும். வெப்பமும் அப்படித்தான். பெரும்பாலோர் செய்யும் முதற்பிழை, கடைக்குப் போய்ப் பெரிய கணப்பு ஒன்றை வாங்கி வருவது. அது இரவு பகலாக எரிகிறது. வெப்பமோ கதவிடுக்கு வழியே தெருவுக்குப் போகிறது.

கொட்டகையின் மிகப் பெரிய இடுக்கு, கார் நுழையும் பெருங்கதவின் அடியிலும் ஓரங்களிலும் உள்ளது. அடியில் ரப்பர்ப் பட்டையும், பக்கங்களில் காற்றுத்தடுப்புப் பட்டையும் பொருத்துவது சில மணி நேர வேலை; செலவும் குறைவு. பின்னர் சன்னல் சட்டத்தின் வெடிப்பு, குழாய்களும் மின்கம்பிகளும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்கள் ஆகியவற்றை அடைக்கவேண்டும். காற்று வீசும் நாளில் ஊதுவத்தி ஒன்றை ஏற்றிச் சுவரோரமாக மெல்லக் கொண்டுசென்றால், புகை எங்கே சாய்கிறதோ அங்கே இடுக்கு உண்டு என்று அறியலாம். ஆனால் பெட்ரோலோ வார்னிஷோ கொட்டகையில் இருந்தால், அவற்றை வெளியேற்றிய பின்னரே இச்சோதனையைச் செய்யவேண்டும்.

அடுத்தது சுவரும் கூரையும். அங்குள்ள கொட்டகைகள் பல மரச்சட்டங்களால் ஆனவை. சட்டங்களுக்கு இடையே வெற்றிடம் இருக்கும். அவ்விடத்தில் கண்ணாடி நாரிழைப் பஞ்சை நிரப்புவர். கடைகளில் அதன் வெப்பத்தடுப்பு ஆற்றலை ‘ஆர்’ என்னும் எண்ணால் குறிப்பிடுவார்கள். கணக்கு எளிது: தடுப்பெண் இரு மடங்கானால் சுவர் வழியே போகும் வெப்பம் பாதியாகும், மூன்று மடங்கானால் மூன்றில் ஒரு பங்காகும். பஞ்சில்லாச் சுவரின் தடுப்பெண் ஏறத்தாழ 4 இருக்கலாம். நான்கங்குலச் சட்டத்தினுள் ‘ஆர்-12’ பஞ்சை நிரப்பினால் வெப்ப இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். சூடான காற்று மேலெழும் இயல்புடையது. ஆதலால் கூரைக்கு முதலிடம் தரவேண்டும். பஞ்சுக்குப் பதிலாக நுரைப்பலகை பதிப்பவர், அதனைத் திறந்தபடி விடாமல் ஜிப்சம் பலகையால் மூடவேண்டும். தீப்பற்றினால் அந்நுரை விரைந்து எரிந்து நச்சுப்புகையைக் கக்கும்.

தரையை மறக்கலாகாது. சிமெண்டுத் தரை காலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேலைமேசையின் முன் ஒரு தடித்த ரப்பர் விரிப்போ, மரப்பலகைத் தட்டோ போட்டு அதன்மேல் நின்றால், வேறு செலவின்றியே பாதிக் குளிர் நீங்கியதுபோல் இருக்கும்.

இரண்டாவது: மனிதனைச் சூடாக்குதல்

முழுக் கொட்டகையையும் சூடாக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு கார்கள் நிற்கக்கூடிய கொட்டகை, 24 அடி நீளமும் 24 அடி அகலமுமாக 576 சதுர அடி இருக்கும். அதில் வேலை செய்பவர் நிற்பதோ நான்கடி இடத்தில். அவ்விடத்தை மட்டும் சூடாக்க ஒரு வழி, கதிர்வீச்சுக் கணப்பு.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வெப்பம் மிகுந்திருக்கக் கண்டார். அகச்சிவப்புக் கதிர் கண்டறியப்பட்டது அவ்வாறே. இக்கதிர் இடையிலுள்ள காற்றைச் சூடாக்குவதில் பெரும்பகுதியைச் செலவிடாமல், நேரே உடலையும் பொருள்களையும் சூடாக்குகிறது. மார்கழிக் காலையில் முற்றத்து இளவெயிலில் நிற்கும்போது, காற்றுச் சில்லென்றிருந்தும் முதுகு இதமாகச் சூடேறுவதை நாம் அறிவோம். வேலைமேசைக்கு மேலே பொருத்திய கதிர்வீச்சுக் கணப்பும் அவ்வாறே செய்கிறது. பசை உலரவேண்டிய பொருளையும் அதன் எதிரே வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரக் கணப்பைப் பற்றியும் ஒரு கணக்கு அறிந்திருக்கவேண்டும். கனடாவில் சாதாரண வீட்டு இணைப்பு 120 வோல்ட்டு, 15 ஆம்பியர். அதில் செருகும் கணப்பு பெரும்பாலும் 1,500 வாட்டுக்கு மேற்படாது; அதுவே 12.5 ஆம்பியர் இழுக்கும். அதே கம்பியில் ரம்பத்தையும் ஓட்டினால் மின்னிணைப்புத் துண்டிக்கப்படும். எட்டு மணி நேரம் எரிந்தால் 12 யூனிட் செலவாகும். தடுப்புச் செய்த சிறு கொட்டகைக்கு இது போதும். பெருங்கொட்டகைக்கு 240 வோல்ட்டில் இயங்கும் 5,000 வாட் கணப்பு வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் கம்பி இழுக்க உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கவேண்டும்; இதில் சிக்கனம் பார்ப்பது பேதைமை. மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் கணப்பைச் செருகினால் கம்பி சூடேறி உருகித் தீப்பிடிக்கும்.

எந்தக் கணப்பாயினும் அதனைச் சுற்றி மூன்றடி தொலைவுக்கு எரியக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது. மரத்தூளும் இழைப்புளிச் சுருளும் எரிபொருளே என்பதைத் தச்சுவேலை செய்வோர் நினைவிற்கொள்ளவேண்டும்.

வசதியுடையோர் இந்நாளில் வெப்ப ஏற்றி என்னும் கருவியைப் பொருத்துகின்றனர். நம் ஊர்க் குளிரூட்டும் இயந்திரத்தைத் தலைகீழாக இயக்குவது போன்றது அது. வெளிக்காற்றில் எஞ்சியுள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே தருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று யூனிட்டுக்கு ஈடான வெப்பம் கிடைக்கும். விலை கூடுதல், ஆனால் தீயும் இல்லை, புகையும் இல்லை.

மூன்றாவது: தீயும் அதன் மூச்சும்

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் பணம் போகும். இனிச் சொல்லப்போவதில் தவறு நேர்ந்தால் உயிர் போகும்.

விறகு, கரி, மண்ணெண்ணெய், புரொப்பேன் வாயு, பெட்ரோல் ஆகிய எதுவாயினும், எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொள்கிறது. பிராணவாயு போதிய அளவு கிடைத்தால் கரியமில வாயு உண்டாகும். போதாதபோது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு மிகுதியாக உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமப்பது. இந்நச்சுவாயுவோ அதனை 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. பிராணவாயு ஏறுவதற்கு இடமின்றி மூளையும் இதயமும் வாடுகின்றன. 1857-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிவியலார் குளோட் பெர்னார் இதனை விளக்கினார். சுரங்கங்களில் இவ்வாயுவைக் கண்டறியக் கானரிப் பறவையைக் கூண்டில் எடுத்துச் செல்லலாம் என்று ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பார் 1890-களில் கூறினார். பிரிட்டிஷ் சுரங்கங்களில் அவ்வழக்கம் 1986 வரை நீடித்தது.

நச்சேறும்போது தோன்றும் அறிகுறிகள்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அயர்வு. குளிர்காலத்தில் இவை யாருக்கும் வருவனவே. “சளி பிடித்திருக்கிறது, சற்றுப் படுத்தால் சரியாகும்” என்று எண்ணிப் படுப்பவர் எழுவதில்லை. இந்நச்சின் கொடுமை அதுவே. ஓடவேண்டிய நேரத்தில் உறக்கத்தைத் தருகிறது. வெளியே திறந்த வெளிக்கு வந்தவுடன் தலைவலி குறைந்தால், உள்ளே நச்சுவாயு இருக்கிறது என்று ஐயுறவேண்டும்.

1998-ஆம் ஆண்டு ஜனவரியில் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களைத் தாக்கிய பனிப்புயலின்போது, மின்சாரமின்றிப் பல நாள் தவித்தோரில் சிலர் இந்நச்சுக்கு இரையாயினர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடுங்குளிர் வந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. கொட்டகையில் காரை ஓடவிட்டுக் குளிர்காய்ந்தோரும், கரியடுப்பை வீட்டினுள் ஏற்றியோரும், மின்னாக்கியை உள்ளே இயக்கியோரும் நச்சுக்கு ஆளாயினர், உயிரிழந்தோர் பலர். குளிர்காய வழி தேடினார்களேயன்றி, அவர்கள் வேறு குற்றமொன்றும் செய்தவரல்லர்.

ஆகவே இவ்விதியை மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும்: தீ உள்ளே வந்தால் அதன் மூச்சு வெளியே போகவேண்டும். கரியடுப்பு எக்காரணத்தைக் கொண்டும் கொட்டகையினுள் வரலாகாது. புகையில்லாத செங்கனல் தூய்மையாகத் தோன்றினாலும், நச்சுவாயுவை மிகுதியாகக் கக்குவது அதுவே. கார் எஞ்சினைக் கொட்டகையில் ஓடவிடலாகாது. பெருங்கதவு திறந்திருந்தாலும் கூடாது. குளிர்காலத்தில் வீட்டினுள் உள்ள சூடான காற்று மேலெழுந்து வெளியேற, அவ்விடத்தை நிரப்பக் கீழ்ப்பகுதியிலிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்தால், அங்குள்ள நச்சுவாயு கதவிடுக்கு வழியே படுக்கையறைக்குச் சென்றுவிடும். கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையிலான கதவு தானே மூடிக்கொள்வதாகவும், இடுக்கின்றியும் இருக்கவேண்டியது இதனாலேயே.

“உள்ளே பயன்படுத்தலாம்” என்று எழுதிய சிறு புரொப்பேன் கணப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. பிராணவாயு குறைந்தால் தானே அணையும் பொறி அவற்றில் உண்டு. ஆனால் அப்பொறி பிராணவாயுவைத்தான் அளக்கிறது, நச்சுவாயுவை அன்று. மேலும், ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. அந்நீர் குளிர்ந்த இரும்பின்மேல் படிய, உளியும் ரம்பமும் துருப்பிடிக்கின்றன. வாயுவையே நாட வேண்டியவர், எரிவதற்கான காற்றை ஒரு குழாயால் வெளியிலிருந்து பெற்று, புகையை மற்றொரு குழாயால் வெளியே தள்ளும் மூடிய கணப்பை, உரிமம் பெற்றவரைக் கொண்டு பொருத்துதல் தகும். விறகடுப்பை மோட்டார்க் கொட்டகையில் வைப்பதைப் பல இடங்களில் விதிகள் தடுக்கின்றன. காரணம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று நெருப்பைத் தேடிப் பிடிக்கும். தீப்பொறி எழக்கூடிய கருவிகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வைக்கவேண்டும் என்பதும் இது பற்றியே. வார்னிஷ் பூசும்போது கணப்பை அணைத்துவிடவேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறியலாகாது. நெருப்பின்றியே தானாகச் சூடேறி எரியக்கூடியது அது. விரித்து வெளியே உலர்த்தவேண்டும்.

ஒரு குடும்பத்தின் பெயரில் ஒரு சட்டம்

ஒன்டாரியோ மாகாணத்தில் வுட்ஸ்டாக் என்றோர் ஊர். அங்கே மாகாணக் காவல்துறையில் பணியாற்றிய லாரி ஹாக்கின்ஸ் என்னும் பெண்மணி, கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழ்ந்துவந்தார். 2008-ஆம் ஆண்டின் இறுதியில், அவர்கள் வீட்டு வாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. அதனால் வெளியேற முடியாத நச்சுவாயு வீட்டினுள் நிரம்பிற்று. நால்வரும் மாண்டனர். நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி அவ்வீட்டில் இல்லை.

லாரியின் மாமா ஜான் கிக்னாக், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். பிறர் வீடுகளைக் காத்தவருக்குத் தம் உறவினர் வீட்டில் இப்பேரிழப்பு. அவர் துயரத்தோடு ஒடுங்கிவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று அக்கருவியின் தேவையை எடுத்துரைத்தார். அதற்கான சட்ட முன்வரைவு மாகாணச் சட்டமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டு, இறுதியாக 2013-ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஹாக்கின்ஸ்–கிக்னாக் சட்டம் என்பது அதன் பெயர். எரிபொருள் கணப்போ, வீட்டோடு ஒட்டிய மோட்டார்க் கொட்டகையோ உள்ள வீடுகளில், உறங்கும் அறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி இருத்தல் அம்மாகாணத்தில் கட்டாயமாயிற்று.

கருவியின் விலை ஒரு நல்ல ரம்பத்தின் விலைகூட இராது. அதை மாட்டினால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிக்கவேண்டும். ஏழு முதல் பத்து ஆண்டுகளில் அதன் ஆயுள் முடியும். காலாவதி நாள் பின்புறத்தில் குறித்திருக்கும். ஒலி எழுந்தால் காரணத்தை ஆராய்ந்துகொண்டு உள்ளே நிற்கலாகாது. அனைவரும் வெளியேறி, வெளியிலிருந்தே 911-ஐ அழைக்கவேண்டும்.

நமக்கும் இது பொருந்தும்

இதெல்லாம் பனி நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. கொடைக்கானல், நீலகிரி மலைகளில் குளிர்தாங்காமல் மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கியோர், காலையில் பிணமாகக் கிடந்த செய்திகள் நம் நாளேடுகளில் வந்துள்ளன. மின்சாரம் நின்றபோது மின்னாக்கியை அடைத்த அறையில் இயக்குவோரும் நம்மிடையே உளர். ஊர் வேறு, குளிரின் அளவு வேறு, நச்சுவாயு ஒன்றே.

கடல் கடந்து வாழும் மகனோடோ மருமகனோடோ பேசும்போது, “சாப்பிட்டாயா?” என்று கேட்பது நம் தாய்மாரின் வழக்கம். குளிர்காலத்தில் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கட்டும்: “தம்பி, கொட்டகையில் வேலை செய்கிறாயாமே, புகை வெளியே போக வழி இருக்கிறதா? அந்த மணி அடிக்கும் கருவியை மாட்டிவிட்டாயா?” அவர் சிரித்தாலும் சிரிக்கட்டும்; மறுநாள் கடைக்குப் போவார்.

அங்கேயே வாழும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். கொட்டகையில் விளக்கு எரிகிறது, தந்தை வேலையில் ஆழ்ந்திருக்கிறார் என்றால், அரைமணிக்கொருமுறை பிள்ளைகளில் ஒருவரை அனுப்பி எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குவளைத் தேநீரும் கொடுத்தனுப்புங்கள். குளிரில் நிற்பவருக்கு அதுவும் ஒரு கணப்புத்தான்.